டர்போ சி-யில் ஓடுகிற ப்ரோகிராம் ஜிசிசியில் ஏன் முரண்டு பிடிக்கிறது?

லேப்ரெக்கார்டு | 6 ஜூலை 2025, இரவு 9.40

முதலாமாண்டு. காலேஜ் லேப்பில் டாஸ்பாக்ஸுக்குள் (பழைய டாஸ் ப்ரோகிராம்களை ஓட்டும் மென்பொருள்) டர்போ சி++ 3.0. அங்கே ஓடின அதே ப்ரோகிராம் வீட்டு லேப்டாப்பில் (விண்டோஸ் 11, எம்சிஸ்2 என்ற தொகுப்பு வழியாகப் போட்ட ஜிசிசி கம்பைலர்) கமாண்ட் ப்ராம்ப்டில் கம்பைல் ஆகவில்லை. எட்டே வரி: எஸ்டிடிஐஓ, கோனியோ என்று ரெண்டு ஹெடர் ஃபைல், வாய்ட் மெயின், திரையைத் துடைக்கும் கிளியர்ஸ்கிரீன், ஒரு பிரிண்ட்எஃப், கடைசியில் ஒரு கீயை அழுத்தும் வரை காத்திருக்கும் கெட்ச். ஃப்ரெண்டின் உபுண்டு 22.04-ல் போட்டால் வேறொரு எரர். மெஷினுக்கு மெஷின் ஜிசிசி மாறுகிறது, டர்போவே மேல் என்று தோன்றுகிறது. சரிதானே?

கருந்திரை | 6 ஜூலை, இரவு 10.15

டர்போ மேல் இல்லை தம்பி, பழசு. 1990களின் தொடக்கத்து டாஸ் கம்பைலர், 16 பிட். 64 பிட் விண்டோஸ் அதை நேராக ஓட்டவே ஓட்டாது, அதனால்தான் டாஸ்பாக்ஸ்.

"எரர் வருகிறது" என்றால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. ரெண்டு மெஷினிலும் வந்த முதல் எரர் வரியைப் போடு. கடைசி வரி வேண்டாம்.

லேப்ரெக்கார்டு | 6 ஜூலை, இரவு 10.31

விண்டோஸில்:
ஹலோ.சி:5:5: எரர்: இம்ப்ளிசிட் டிக்ளரேஷன் ஆஃப் ஃபங்ஷன் 'கிளியர்ஸ்கிரீன்'

உபுண்டுவில்:
ஹலோ.சி:2:10: ஃபேட்டல் எரர்: கோனியோ.ஹெச்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி

கருந்திரை | 6 ஜூலை, இரவு 11.05

இதில் எல்லாமே இருக்கிறது. கமாண்ட் லைனில் எரர் வந்தால் "என்ன சொல்கிறது" என்பதற்கு முன்னால் "யார் சொல்கிறது" என்று பார்க்க வேண்டும். அங்கே பேசுவது ஒரே ஆள் இல்லை.

"இஸ் நாட் ரெகக்னைஸ்டு ஆஸ் அன் இன்டர்னல் ஆர் எக்ஸ்டர்னல் கமாண்ட்" என்று வந்தால் பேசுவது விண்டோஸ் ஷெல். ஜிசிசி இன்னும் கிளம்பவே இல்லை, உன் ப்ரோகிராமை யாரும் பார்க்கவில்லை. பாத்-ஐச் (ஷெல் கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) சரி பண்ணு, கோடைத் தொடாதே.

வரி "ஜிசிசி:" என்றோ "சிசி1:" என்றோ தொடங்கி "நோ சச் ஃபைல்" என்று சொன்னால் ஜிசிசி கிளம்பிவிட்டது, ஆனால் நீ கொடுத்த ஃபைலைக் காணோம். ஃபைல் பெயர், ஃபோல்டர், ஸ்பெல்லிங்.

"ஹலோ.சி:5:5:" மாதிரி ஃபைல் பெயர், வரி எண், எழுத்து எண் என்று தொடங்கினால் ப்ரீப்ராசஸரோ (ஹெடர்களை உள்ளே இழுக்கும் முதல் கட்டம்) கம்பைலரோ பேசுகிறது. உன் ரெண்டு எரரும் இந்த வகைதான். உபுண்டுவில் 2ஆம் வரி, 10ஆம் எழுத்து. எண்ணிப் பார்த்தால் அது கோனியோவுக்கு முன்னால் இருக்கிற '<' குறி. லினக்ஸில் அந்த ஹெடரே கிடையாது, அதனால் 2ஆம் வரியிலேயே நின்றுவிட்டது. விண்டோஸில் மிங்-டபிள்யூ (விண்டோஸுக்கான ஜிசிசி) தன் சொந்த கோனியோ ஒன்றை வைத்திருக்கிறது. அதில் கெட்ச் உண்டு, கிளியர்ஸ்கிரீன் கிடையாது. அதனால் 2ஆம் வரியைத் தாண்டி 5ஆம் வரியில் மாட்டியது.

"அன்டிஃபைண்ட் ரெஃபரன்ஸ்" என்ற சொல்லும், அதற்குக் கீழே "கலெக்ட்2: எரர்: எல்டி ரிட்டர்ன்ட் 1 எக்ஸிட் ஸ்டேட்டஸ்" என்ற வரியும் வந்தால் அது லிங்கர், கம்பைல் ஆன துண்டுகளையும் லைப்ரரிகளையும் இணைக்கிற கடைசிக் கட்டம். இலக்கணத்தில் பிழை இல்லை, கூப்பிட்ட ஃபங்ஷனின் உடம்பு எங்கேயும் இல்லை என்று அர்த்தம். அந்தக் கலெக்ட்2 வரியைக் கூகுளில் தேடாதே, எல்லா லிங்கர் எரருக்கும் அதே வரிதான் வரும். அதற்கு மேல் வரியைப் படி.

பெங்குவின் | 7 ஜூலை, காலை 6.50

சுருக்கு வழி: -எஸ்டிடி=குனு89 போட்டால் இம்ப்ளிசிட் டிக்ளரேஷன் எரராக வராது. வேலை முடிந்தது.

அரைப்புள்ளி | 7 ஜூலை, காலை 8.10

பாதி வேலைதான் முடியும். பழைய விதிமுறையில் கம்பைலர் விட்டுவிடும், ஆனால் கிளியர்ஸ்கிரீனின் உடம்பு எந்த லைப்ரரியிலும் இல்லையே. அடுத்த வாசலில் லிங்கர் பிடிக்கும். எரர் இடம்தான் மாறும்.

கேட்டவருக்கு: "மெஷினுக்கு மெஷின் மாறுகிறது" என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மாறுவது ஜிசிசியின் பதிப்பு. உபுண்டு 22.04-ல் வருவது ஜிசிசி 11, 24.04-ல் 13. எம்சிஸ்2 எப்போதும் புதுசைத் தருவதால் உங்கள் லேப்டாப்பில் 15 இருக்கும். "ஜிசிசி --வெர்ஷன்" தட்டினால் முதல் வரியிலேயே தெரியும்.

2024-ல் வந்த 14ஆம் பதிப்பிலிருந்து, அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிட்டால் எரர். அதற்கு முன் அது வார்னிங் மட்டும். ஆக, கோனியோ வரியை மட்டும் நீக்கிவிட்டுப் போட்டால் 11-ல் "வார்னிங், பிறகு லிங்கர் எரர்", 14-லும் 15-லும் "நேரடியாகக் கம்பைலர் எரர்". மெயினுக்கு முன்னால் இண்ட் போடாமல் வெறுமனே "மெயின்()" என்று எழுதும் பழைய பாணிக்கும் இதே கதி.

15-ல் இன்னொன்று. -எஸ்டிடி கொடியெதுவும் போடாவிட்டால் அது சி23 (சி மொழியின் புதிய தரம்) விதிப்படி நடக்கும். மேலே "இண்ட் ஆட்();" என்று அடைப்புக்குறியைக் காலியாக விட்டு அறிவித்துவிட்டு, கீழே ரெண்டு எண்ணைக் கொடுத்துக் கூப்பிடுவது நம் லேப் மேனுவல்களில் சகஜம். சி23-ல் காலி அடைப்புக்குறி என்றால் "எதையும் வாங்காத ஃபங்ஷன்". "டூ மெனி ஆர்க்யுமென்ட்ஸ்" என்று அடிக்கும். ரெக்கார்டை மாற்ற முடியாது என்றால் -எஸ்டிடி=குனு17. மாற்ற முடியும் என்றால் அடைப்புக்குறிக்குள் "இண்ட், இண்ட்" என்று எழுதிவிடுங்கள். அதுதான் நல்லது.

லேப்ரெக்கார்டு | 7 ஜூலை, மாலை 5.20

அப்போ கிளியர்ஸ்கிரீன், கெட்ச் இல்லாமல் எப்படி? கெட்ச் எடுத்தால் அவுட்புட் தெரியாமலே போய்விடும் என்று லேப்பில் சொல்லியிருக்கிறார்கள்.

கருந்திரை | 7 ஜூலை, இரவு 9.00

டர்போவின் நீலத் திரையிலிருந்து கன்ட்ரோல்+எஃப்9 அடித்தால் ப்ரோகிராம் ஓடி முடிந்த அடுத்த நொடி நீலத் திரை திரும்பி மூடிக்கொள்ளும். அதைப் பிடித்து நிறுத்தத்தான் கெட்ச். (அங்கேயும் ஆல்ட்+எஃப்5 அடித்தால் அவுட்புட் தெரியும், கெட்ச் தேவையில்லை.) போன தடவை ஓடின எச்சம் திரையில் இருக்கும் என்பதால் கிளியர்ஸ்கிரீன். ரெண்டும் அந்த எடிட்டருக்கான ஏற்பாடு, சி மொழியின் பாகம் இல்லை.

கமாண்ட் ப்ராம்ப்டில் ஓட்டினால் விண்டோ உன்னுடையது, ப்ரோகிராம் முடிந்தாலும் அப்படியே இருக்கும். இஎக்ஸ்இ-யை மவுஸால் டபுள் கிளிக் பண்ணினால் மட்டும் மின்னி மறையும். டபுள் கிளிக் பண்ணாதே.

அரைப்புள்ளி | 7 ஜூலை, இரவு 9.45

முழுதாக ஒருமுறை எழுதிவிடுகிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தருகிறேன், நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். வேண்டுமென்றுதான். வாட்ஸப்பிலிருந்தும் பிடிஎஃப்பிலிருந்தும் ஒட்டினால் நேர் மேற்கோள்குறி வளைந்த மேற்கோள்குறியாகிவிடும், "ஸ்ட்ரே \342 இன் ப்ரோகிராம்" என்று வரிசையாக எரர் கொட்டும். 342, 200, 234 என்று மூன்று மூன்றாக வந்தால் சந்தேகமே வேண்டாம், வளைந்த குறிதான். அழித்துவிட்டுக் கையால் அடியுங்கள்.

#இன்க்ளூட் <எஸ்டிடிஐஓ.ஹெச்>

இண்ட் மெயின்(வாய்ட்)
{
    பிரிண்ட்எஃப்("ஹலோ, வேர்ல்ட்\என்");
    ரிட்டர்ன் 0;
}

டி டிரைவில் சிப்ரோக் என்று ஃபோல்டர். பெயரில் இடைவெளி வேண்டாம், "நியூ ஃபோல்டர்" என்றால் ஒவ்வொரு தடவையும் மேற்கோள்குறி போட வேண்டியிருக்கும். நோட்பேடில் தட்டி அங்கே ஹலோ.சி என்று சேமிக்கவும். சேமிக்கும்போது "சேவ் ஆஸ் டைப்" என்பதை "ஆல் ஃபைல்ஸ்" ஆக்காவிட்டால் ஹலோ.சி.டிஎக்ஸ்டி என்றுதான் சேமிக்கும். விண்டோஸ் அந்த வாலை மறைத்துவிடும், ஐகானைப் பார்த்தால் ஹலோ.சி போலவே இருக்கும்.

அந்த ஃபோல்டரைத் திறந்து, மேலே முகவரிப் பட்டையில் இருப்பதை அழித்து சிஎம்டி என்று தட்டி என்டர். கருப்பு விண்டோ நேராக அந்த ஃபோல்டரிலேயே திறக்கும், சிடி போட்டு அலைய வேண்டியதில்லை. சிடிதான் போடுவேன் என்றால், சி டிரைவிலிருந்து டி-க்குப் போக வெறும் சிடி போதாது, "சிடி /டி டி:\சிப்ரோக்".

பிறகு "டிர்". பட்டியலில் ஹலோ.சி மட்டும் இருக்கிறதா, பின்னால் டிஎக்ஸ்டி ஒட்டியிருக்கிறதா, இங்கே பொய் சொல்லாமல் தெரியும்.

கம்பைல்:
ஜிசிசி -வால் ஹலோ.சி -ஓ ஹலோ

ஒன்றும் சொல்லாமல் அடுத்த ப்ராம்ப்ட் வந்தால் வெற்றி. "சக்ஸஸ்" என்றெல்லாம் வராது.

ஓட்ட: சிஎம்டியில் "ஹலோ". பவர்ஷெல்லில் ".\ஹலோ". லினக்ஸ், மேக்கில் "./ஹலோ".

பெங்குவின் | 8 ஜூலை, காலை 7.05

-வால்: டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து, மற்றது சிறியது. வரியில் எங்கே வைத்தாலும் ஆடும், வால்தானே.

அந்த புள்ளி-சாய்கோடு எதற்கு என்றால்: லினக்ஸ் ஷெல், பாத்-இல் எழுதியிருக்கும் ஃபோல்டர்களில் மட்டும்தான் கட்டளையைத் தேடும். நீ நிற்கும் ஃபோல்டர் அதில் இல்லை. "./" என்றால் "இங்கேயே இருப்பதை ஓட்டு". விண்டோஸின் பழைய சிஎம்டி நிற்கும் ஃபோல்டரையும் பார்க்கும், பவர்ஷெல் பார்க்காது.

லினக்ஸில் முதல் ப்ரோகிராமுக்கு "டெஸ்ட்" என்று பெயர் வைக்காதே. ஷெல்லுக்குள்ளேயே டெஸ்ட் என்று ஒரு கட்டளை இருக்கிறது. "./" மறந்து வெறும் டெஸ்ட் என்று தட்டினால் அது ஓடும். எரரும் வராது, அவுட்புட்டும் வராது. "டைப் டெஸ்ட்" என்று தட்டிப் பார், ஷெல் பில்ட்இன் என்று சொல்லும்.

லேப்ரெக்கார்டு | 8 ஜூலை, மாலை 6.12

புதுசாகத் தட்டினேன். ஹலோ.சி:1:10: ஃபேட்டல் எரர். நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி. எஸ்டிடிஐஓ-வே இல்லை என்கிறது. எம்சிஸ்2-ஐத் திரும்ப இன்ஸ்டால் பண்ணட்டுமா?

கருந்திரை | 8 ஜூலை, மாலை 6.30

பண்ணாதே. எரரில் ஹெடர் பெயரை எழுத்துக்கூட்டிப் படி. ஸ்டூடியோ.ஹெச் என்று தட்டியிருக்கிறாய், பந்தயம்.

லேப்ரெக்கார்டு | 8 ஜூலை, மாலை 6.34

ஆமாம் 😐 ஓடிவிட்டது.

கருந்திரை | 8 ஜூலை, மாலை 6.41

வருஷா வருஷம் ஸ்டூடியோ திறக்கிறார்கள்.

அரைப்புள்ளி | 9 ஜூலை, காலை 8.30

விட்டுப்போன சில இடங்கள்.

ஹலோ.சி.டிஎக்ஸ்டி என்று சேமித்துவிட்டு, அதே பெயரை ஜிசிசிக்குக் கொடுத்தால் "ஃபைல் ஃபார்மட் நாட் ரெகக்னைஸ்டு, ட்ரீட்டிங் ஆஸ் லிங்கர் ஸ்கிரிப்ட்" என்று வரும். பலர் இதில் திகைத்துப் போகிறார்கள். ஜிசிசி ஃபைலுக்குள் எட்டிப் பார்த்து மொழியை ஊகிப்பதில்லை, பெயரின் வாலைத்தான் பார்க்கிறது. தெரியாத வால் என்றால் அப்படியே லிங்கரிடம் தள்ளிவிடும்.

ஃபைலைச் சேமிக்க மறந்து (காலி ஃபைல்) கம்பைல் பண்ணினாலும், மெயினைப் பெரிய எழுத்தில் தொடங்கினாலும் ஒரே எரர்: லினக்ஸில் "அன்டிஃபைண்ட் ரெஃபரன்ஸ் டு மெயின்". விண்டோஸ் மிங்-டபிள்யூவில் அதுவே "வின்மெயின்" என்று வரும். வின்மெயின் என்று நாம் எதையும் எழுதவில்லையே என்று தேட வேண்டாம், மெயின் கிடைக்காதபோது அது கேட்கும் பெயர் அது.

-ஓ-வுக்கு அடுத்து வருவது எப்போதும் புது ஃபைலின் பெயர். ஃபோல்டரில் கூட்டல்.சி, கழித்தல்.சி ரெண்டும் இருக்கும்போது அவசரத்தில் "ஜிசிசி -ஓ கூட்டல்.சி கழித்தல்.சி" என்று தட்டினால் கழித்தல் கம்பைல் ஆகி, கூட்டல்.சி-யின் மேலேயே எழுதப்படும். கேட்காது, எச்சரிக்காது, எழுதின கோடு போனது போனதுதான். ஒரே பெயரை ரெண்டு பக்கமும் கொடுத்தால் மட்டும் "உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒன்றாக இருக்கிறது" என்று மறுத்துவிடும். அதனால் சோர்ஸ் பெயர் முன்னால், -ஓ பின்னால் என்ற வரிசையையே கைக்குப் பழக்குங்கள்.

பெங்குவின் | 9 ஜூலை, இரவு 10.20

காலேஜ் பென்டிரைவிலிருந்து லினக்ஸுக்குக் கொண்டுவருகிறவர்களுக்கு ரெண்டு.

டாஸில் சேமித்த ஃபைல் பெயர் முழுக்கப் பெரிய எழுத்தாக வரும். லினக்ஸில் ஜிசிசிக்குப் புள்ளிக்குப் பின் சிறிய சி என்றால் சி மொழி, பெரிய சி என்றால் சி++. அதே வாய்ட் மெயின் சி-யாக இருந்தால் -வால் போட்டாலும் ஒரு வார்னிங்கோடு போய்விடும், சி++ ஆக எடுத்துக்கொண்டால் "மெயின் மஸ்ட் ரிட்டர்ன் இண்ட்" என்று நின்றுவிடும். எம்வி போட்டுப் பெயரைச் சிறிய எழுத்தாக்கு.

அடுத்து, பென்டிரைவிலேயே கம்பைல் பண்ணினால் கம்பைல் ஆகும், "./ஹலோ" என்றால் "பர்மிஷன் டினைட்". சிஹெச்மாட் (அனுமதியை மாற்றும் கட்டளை) போட்டும் பயனில்லை. ஃபேட் ஃபார்மட்டில் ஓட்டும் அனுமதியை எழுதி வைக்க இடமே இல்லை. உபுண்டு பென்டிரைவை ஏற்றும்போது இஎக்ஸ்இ, காம், பேட் வால் உள்ளதை மட்டும் ஓட்டலாம் என்று வைக்கிறது. ஆக "-ஓ ஹலோ.இஎக்ஸ்இ" என்று பெயர் வைத்தால் லினக்ஸ் ப்ரோகிராம் பென்டிரைவிலிருந்தே ஓடும். கூத்துதான். ஹோம் ஃபோல்டருக்கு நகலெடுத்து அங்கே பண்ணுவது உத்தமம்.

லேப்ரெக்கார்டு | 11 ஜூலை, இரவு 8.15

வாய்ட் மெயின் ஓடத்தானே செய்கிறது? இண்ட் மெயின் என்று மாற்றினால் லேப்பில் "ரெக்கார்டில் இருப்பது மாதிரி எழுது" என்கிறார்கள்.

கருந்திரை | 11 ஜூலை, இரவு 9.30

லேப்பில் அவர்கள் கேட்கிறபடி எழுது, மார்க் முக்கியம். வீட்டில் இதைச் செய்து பார்.

லினக்ஸில், வாய்ட் மெயினாக வைத்து "ஹலோ, வேர்ல்ட்" அச்சிடும் ப்ரோகிராமை ஓட்டு. ஓட்டின உடனே "எக்கோ $?" என்று தட்டு. பெரும்பாலும் 13 வரும். இண்ட் மெயின், ரிட்டர்ன் 0 என்று மாற்றி அதையே செய், 0 வரும்.

ஒவ்வொரு ப்ரோகிராமும் முடியும்போது ஷெல்லிடம் ஒரு எண்ணைக் கொடுக்கும். 0 என்றால் நல்லபடி முடிந்தது, வேறு எண் என்றால் ஏதோ கோளாறு. வாய்ட் மெயின் எதையும் கொடுப்பதில்லை, அதனால் அந்த எண் இருக்க வேண்டிய ரெஜிஸ்டரில் (ப்ராசஸருக்குள் இருக்கும் சின்ன நினைவிடம்) கடைசியாகக் கிடந்தது போகிறது. ஹலோ-வில் 5, காற்புள்ளி, இடைவெளி, வேர்ல்ட்-இல் 5, புதுவரி ஒன்று: 13 எழுத்து அச்சிட்டேன் என்று அச்சிடும் ஃபங்ஷன் விட்டுவிட்டுப் போன எண் அது. மேக்ஃபைலோ (கம்பைல் கட்டளைகளை எழுதி வைக்கும் ஃபைல்) ஸ்கிரிப்டோ உன் ப்ரோகிராமைக் கூப்பிட்டால் "தோற்றுவிட்டது" என்றே எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் பார்க்க "எக்கோ %எரர்லெவல்%". அங்கே 13 வர வேண்டும் என்று கட்டாயமில்லை, லைப்ரரி வேறு.

அரைப்புள்ளி | 12 ஜூலை, காலை 9.10

ரெக்கார்டு பேச்சு வந்ததால்: ஃபேக்டோரியல் ப்ரோகிராமின் அவுட்புட்டை ரெக்கார்டோடு ஒப்பிட்டு ஜிசிசி தப்பு என்று முடிவுகட்டாதீர்கள். டர்போவில் இண்ட் 2 பைட், உச்சம் 32767. 7-க்கு 5040 சரியாக வரும், 8-க்கு 40320 வர வேண்டிய இடத்தில் -25216 வரும். ஜிசிசியில் இண்ட் 4 பைட், 12 வரை தாங்கும் (479001600). 13-க்கு வழக்கமாக 1932053504 என்று வரும், சரியான விடை 6227020800. மைனஸ் குறி இல்லாததால் இது இன்னும் மோசம், பார்த்தால் சரி போலவே இருக்கும். 20 வரை வேண்டுமென்றால் லாங் லாங், அச்சிட %எல்எல்டி.

லேப்ரெக்கார்டு | 13 ஜூலை, பகல் 12.40

ரெண்டு எண் கூட்டும் ப்ரோகிராம். ஒருமுறை ஓடியது. கோடில் சின்ன மாற்றம் செய்து திரும்பக் கம்பைல் பண்ணினால்: கேனாட் ஓபன் அவுட்புட் ஃபைல் ஆட்.இஎக்ஸ்இ: பர்மிஷன் டினைட். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தும் அதேதான். அண்ணா, பென்டிரைவ் இல்லை, டி டிரைவ்.

கருந்திரை | 13 ஜூலை, பகல் 1.15

சொல்வது லிங்கர். பழைய ஆட்.இஎக்ஸ்இ-யின் மேல் எழுத முடியவில்லை என்கிறது. வேறொரு கருப்பு விண்டோவில் பழையது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், ஸ்கேன்எஃப்பில் எண்ணுக்காகக் காத்திருக்கும். ஓடுகிற இஎக்ஸ்இ-யை விண்டோஸ் தொட விடாது. அந்த விண்டோவில் கன்ட்ரோல்+சி. விண்டோவைக் காணோம் என்றால் "டாஸ்க்கில் /ஐஎம் ஆட்.இஎக்ஸ்இ /எஃப்".

ஸ்கேன்எஃப்பில் & குறி இருக்கிறதா பார். -வால் போட்டிருந்தால் வார்னிங் வந்திருக்கும்.

லேப்ரெக்கார்டு | 13 ஜூலை, பகல் 1.22

விண்டோ பின்னால் ஒளிந்திருந்தது. மூடினேன், கம்பைல் ஆகிவிட்டது. & இருக்கிறது.

பெங்குவின் | 13 ஜூலை, மாலை 4.00

அடுத்து ஸ்கொயர் ரூட் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். லினக்ஸில் "அன்டிஃபைண்ட் ரெஃபரன்ஸ் டு எஸ்க்யூஆர்டி" வந்தால் கட்டளையின் கடைசியில் -எல்எம் (கணித லைப்ரரியைச் சேர்க்கும் கொடி). கடைசியில். சோர்ஸ் ஃபைலுக்கு முன்னால் போட்டால் உபுண்டுவில் அதே எரர் திரும்ப வரும், ஏனென்றால் லிங்கர் இடமிருந்து வலமாகப் போகிறது, தேவை எழுவதற்கு முன்னால் வந்த லைப்ரரியைத் தாண்டிவிடும். 16-க்கு வர்க்கமூலம் என்று எண்ணை நேராக எழுதினால் -எல்எம் இல்லாமலே ஓடும், கம்பைலரே 4 என்று கணக்குப் போட்டு வைத்துவிடுவதால். மாறியைக் கொடுத்த உடனே எரர் வரும். "நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை" என்ற புகார்களில் பாதி இதுதான். விண்டோஸ் மிங்-டபிள்யூவில் இந்தத் தொல்லை இல்லை.

லேப்ரெக்கார்டு | 14 ஜூலை, இரவு 9.50

வணக்கம் என்று தமிழிலேயே அச்சிட்டேன். சிஎம்டியில் குப்பையாக வந்தது. நீளம் சொல்லும் எஸ்டிஆர்லென் போட்டால் 21 என்கிறது. எழுத்து ஐந்துதானே?

அரைப்புள்ளி | 14 ஜூலை, இரவு 10.30

ஓட்டுவதற்கு முன் அதே விண்டோவில் "சிஹெச்சிபி 65001" தட்டுங்கள், அந்த விண்டோ யூடிஎஃப்-8க்கு மாறும். ஃபைலும் யூடிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும். இப்போதைய நோட்பேட் தானாகவே அப்படித்தான் சேமிக்கிறது, பழையதில் ஆன்சி என்று இருந்தால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். இதற்குப் பிறகும் பழைய சிஎம்டி விண்டோவில் கட்டம் கட்டமாக வந்தால் அது எழுத்துரு, விண்டோஸ் டெர்மினலில் ஓட்டிப் பாருங்கள்.

21 சரிதான். நாம் எண்ணுவது வ, ண, க், க, ம் என்று ஐந்து. யூனிகோடில் புள்ளி தனி என்பதால் வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என்று ஏழு. யூடிஎஃப்-8ல் தமிழின் ஒவ்வொன்றும் 3 பைட், ஏழு மூன்று 21. எஸ்டிஆர்லென்னுக்குத் தெரிந்தது பைட் மட்டும். அதனால் மார்க் ஷீட் ப்ரோகிராமில் பெயரைத் தமிழில் வைத்து %20எஸ் போட்டால் பத்தி (நெடுவரிசை) கோணல்மாணலாகத்தான் நிற்கும், 20 என்பதையும் அது பைட்டாகவே எண்ணுகிறது. இப்போதைக்குப் பெயரைக் கடைசிப் பத்திக்குத் தள்ளுங்கள், அதற்குப் பின்னால் நேராக நிற்க வேண்டியது எதுவும் இருக்காது.